ஒரு புல் மிச்சமில்லாமல்

வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதருக்குச் சொந்தமாக ஒரு கார் கிடையாது. ஆனால் கார் போவதற்கென்று, கேட்டிலிருந்து வீட்டுப் படிவரை கல் பாவிய பாதை ஒன்று இருந்தது. பழைய வீட்டை வாங்கியபோது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. கார் வராத பாதையில் புல் வந்தது. விரல் நுழையாத இடுக்கில்கூட அருகம்புல் வேர்விடும், கோரை தலைநீட்டும், தரையோடு படரும் பால்செடி பாய் விரிக்கும். மழை பெய்து ஓய்ந்தால் போதும், பாதையா தோட்டமா என்று தெரியாது.

அவரை டிப்போவில் நத்தை என்று கூப்பிடுவார்கள். பஸ் நிறைய ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், சாலையில் ஒரு புறா நின்றால் வண்டியை நிறுத்துகிற ஆசாமி. ஓய்வுபெற்றபோது அந்தப் பட்டப்பெயரை டிப்போவிலேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் அவர் நினைத்தார். அது கூடவே வந்து தெருவிலும் தொற்றிக்கொண்டது. நமக்கும் அவர், கொஞ்சம் மரியாதை சேர்த்து, நத்தையார் என்றே இருக்கட்டும்.

அவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தோட்டத்தில் வேலை பார்த்தவள். தோட்டம் என்றால் ரோஜாவும் மல்லிகையும் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்கு வாய்த்தது பாதைகள். ஆம்புலன்ஸ் வரும் பாதை, சக்கர நாற்காலி போகும் பாதை, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நோயாளிகள் நடை பழகும் பாதை. ஒரு கொத்துப் புல் முளைத்தால் போதும், சக்கரம் தடுக்கும், கால் இடறும். அங்கே மருந்தடிக்கவும் முடியாது. நோயாளிகள் மூச்சுவிடும் இடம். ஆகவே கத்தி, வெந்நீர், வினிகர், மணல் என்று நாலு சமாச்சாரத்தை வைத்துக்கொண்டு அவள் அத்தனை பாதையையும் கண்ணாடி மாதிரி வைத்திருந்தாள். டாக்டர்களே செருப்பைத் தட்டிவிட்டுத்தான் நடப்பார்கள் என்று பெருமையாகச் சொல்வாள். அது பொய்தான். ஆனாலும் அப்படிச் சொல்லிக்கொள்ள அவளுக்கு உரிமை இருந்தது.

இப்போது அவளுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. முதலில் குழாயை மூட மறந்தாள். பிறகு அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு மகளின் பெயர் போயிற்று. அப்புறம் இன்னின்னது போயிற்று என்று சொல்ல முடியாதபடி, நாளுக்கு ஒன்றாகக் கழன்று விழுந்துகொண்டே இருந்தது. டாக்டர் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று சொன்னார். பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது. குணமாகாது என்று சொன்னதுதான் நத்தையாருக்குப் புரிந்தது.

கைகள் மட்டும் எதையும் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் நுனி வளைந்த கத்தியை எடுத்துக்கொள்வாள். மடித்த சாக்கை முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்வாள். கேட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கல்லாக வருவாள். முன்னே எடுக்க எடுக்கப் பின்னே முளைத்துவிடும். நத்தையார் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் இப்படி ஒன்றாக உட்கார நேரம் கிடைத்ததில்லை. அவருக்கு விடியற்காலை ஷிஃப்ட் என்றால் அவளுக்குப் பகல் வேலை. ராத்திரி ஷிஃப்ட் என்றால் அவள் திரும்பும்போது அவர் கிளம்பிவிடுவார். இப்போதுதான், எல்லாம் போன பிறகுதான், காலை வெயில் இரண்டு பேருக்கும் சேர்ந்து கிடைத்தது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டார்.

சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கத்தான் செய்தன. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படிக்குப் போய்விடுவாள். மேசைக்கு வா என்றால், இங்கேயே இருக்கேங்க, பரவாயில்லைங்க என்பாள். சாயங்காலம் கத்தியைக் கழுவிச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, இன்னைக்குக் கேட்டுலேர்ந்து குழாய்வரைக்கும் ஆச்சுங்க என்று சொல்லிவிட்டு நிற்பாள். அவர் சரி என்றால்தான் நகர்வாள். அவளுக்கு எப்போதுமே வாங்க போங்க என்றுதான் பழக்கம். அதனால் இதில் எதுவும் அவருக்கு உறைக்கவில்லை. வயதானால் இன்னும் கொஞ்சம் மரியாதை கூடும்போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். மனிதர் பஸ்ஸை மட்டுமா மெதுவாக ஓட்டினார், எல்லாமே அவருக்கு மெதுவாகத்தான் விளங்கும்.

ஒரு நாள் தபால்காரர் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். அவள் நடந்து போய்விட்டாள். நத்தையார் தெருத் தெருவாக ஓடினார். பக்கத்து வீட்டுத் தையற்காரர் அளவு நாடா கழுத்தில் தொங்க, பாதி தைத்த சட்டையைப் போட்டுவிட்டு இன்னொரு பக்கம் ஓடினார். கடைசியில் பஸ் டிப்போவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. எங்கே கிளம்பினாய் என்று கேட்டதற்கு, வீட்டுக்கு என்றாள். வீடு அந்தப் பக்கமா இருக்கிறது என்று அவர் அவள் கையைப் பிடித்து அழைத்துவந்தார். வழியெல்லாம் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்கப்புறம் ஒரு வாரத்தில், பாதையில் ஒரு புல் கொத்து தடுக்கி விழுந்து நெற்றியில் காயம்பட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், மகள் வந்துவிட்டாள். மகள் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. அப்பாவைக்கூட வகுப்புக்கு வெளியே நிறுத்திப் பேசுகிற மாதிரிதான் பேசுவாள். கெட்டவள் இல்லை. பயந்துபோயிருந்தாள். பயம் வந்தால் அவளுக்குக் குரல் உயரும், அம்மா மாதிரியே.

மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் இடம் சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னாள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, வீடு வீடாகவே இல்லை, வாசலில் காடு மண்டிக் கிடக்கிறது, அம்மாவைக் கூலிக்காரி மாதிரி வெயிலில் மண்டிபோட விட்டுவிட்டு அவர் வெங்காயம் உரிக்கிறார் என்று வரிசையாகச் சொன்னாள். அடுத்த மாதம் திரும்ப வருவாள். அதற்குள் பாதை சுத்தமாக இருக்க வேண்டும், அம்மா தடுக்கி விழக்கூடாது, கேட்டுக்குப் பூட்டு வேண்டும். இல்லையென்றால் அம்மாவை அழைத்துப் போய்விடுவாள்.

"ஒரு பாட்டில் களைக்கொல்லி வாங்கி அடிங்கப்பா. ஒரே நாள் வேலை."

"உங்கம்மா வெறுங்கையால மண்ணைத் தொடறா. அந்தக் கையை வாயில வைக்கிறா. புல்லுத் தண்டைக் கடிச்சுக்கிட்டேதான் வேலை செய்வா. அவ இருக்கிற இடத்துல விஷத்தை ஊத்தச் சொல்றியா?"

மகள் கிளம்பும்போது அம்மாவின் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காரில் ஏறிக் கொஞ்ச நேரம் கிளப்பாமலே உட்கார்ந்திருந்தாள்.

மனைவியை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் தனியாக இருப்பதை நத்தையாரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் அவரை அடையாளம் தெரிந்துகொள்கிறாளோ இல்லையோ, பக்கத்து அறையில் அவள் இருமுகிற சத்தம் வேண்டும். அதற்காக ஒரு பாதையைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் செய்துவிட்டுப் போகிறார். இது என்ன மலையா?

மலைதான் என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அவர் பிடுங்கியதில் பாதி வேர் உள்ளேயே அறுந்து நின்றது. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையற்காரர், ஒரு மூட்டை உப்பைக் கொட்டிவிடுங்கள், தலைமுறைக்கும் முளைக்காது என்று யோசனை சொன்னார். சட்டை தைக்கிறவருக்கு எல்லாவற்றிலும் ஒரு யோசனை இருக்கும். பாதையின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு வேணாம். உப்பு போட்டா மண்ணே செத்துப்போகும். பக்கத்துல இருக்கிற மரமும் போயிடும். நமக்குப் புல்லு மட்டும் போனாப் போதும்."

பல மாதங்களாக அவள் வாயிலிருந்து இத்தனை வாக்கியங்கள் சேர்ந்தாற்போல வந்ததில்லை. நத்தையார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அப்படியென்றால் எப்படிச் செய்வது, சொல்லிக்கொடு என்றார்.

சொல்லிக்கொடுத்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குச் சொல்கிற மாதிரி, பொறுமையாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தாள். கொதிக்கிற தண்ணீரை இலையில் ஊற்றக் கூடாது, கல்லிடுக்கில் அடித்தண்டைப் பார்த்து நூல் மாதிரி ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு உடனே பிடுங்கக் கூடாது, அது தானே சோர்ந்து படுக்கும்வரை விட வேண்டும். அகல இலைச் செடிக்கு உச்சிவெயிலில் வினிகரும் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும். சோப்பு இல்லாவிட்டால் வினிகர் இலையில் ஒட்டாமல் ஓடிவிடும். அருகம்புல்லுக்கு மட்டும் இந்த வித்தையெல்லாம் பலிக்காது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கத்தியைச் செங்குத்தாக இறக்கி, வேரின் போக்கிலேயே போய், முழுசாகத்தான் எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் நைஸ் மணலைப் பெருக்கி இடுக்கில் நிரப்பித் தண்ணீர் தெளித்து இறுக்கிவிட்டால் புது விதை விழ இடமிருக்காது.

தன் மகளின் பெயர் தெரியாதவள் இத்தனையும் ஒரு வார்த்தை தடுமாறாமல் சொன்னாள். கெட்டிலை எடுத்துவர உள்ளே போன நத்தையார், தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்படியில் நின்று அழுதுவிட்டு வந்தார்.

அந்த மாதம்போல அவர்கள் வாழ்க்கையில் வேறொரு மாதம் இருந்ததில்லை. கெட்டில் போதவில்லை என்று தையற்காரர் தன் பெரிய பாத்திரத்தைக் கொடுத்தார். அவர் ஊற்றுவார், அவள் மேற்பார்வை பார்ப்பாள். பாதத்தில் வெந்நீர் தெறித்து அவர் நொண்டினால், காலைத் தள்ளி வெச்சுக்கிட்டு ஊத்துங்க என்று அதட்டுவாள். அவருக்கு அந்த அதட்டல் பிடித்திருந்தது. வேண்டுமென்றே ஒரு நாள் இலையில் ஊற்றித் திட்டு வாங்கிக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட இப்படியெல்லாம் செய்ததில்லை.

அவளும் சுறுசுறுப்பாகிவிட்டாள். முன்பு சும்மா நேரம் போக்குகிறவள் மாதிரி ஒவ்வொரு கல்லிலும் நின்று நின்று வந்துகொண்டிருந்தவள், இப்போது விறுவிறு என்று நகர்ந்தாள். சாயங்காலத்தில் பாதையை ஒருமுறை நடந்து பார்ப்பாள். இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அளப்பாள்.

"சீக்கிரம் முடிச்சிடலாங்க" என்று ஒரு நாள் சொன்னாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"முடிச்சிடலாம்" என்றார் அவரும். தன் ஆசை அவளுக்கும் ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தார். வேறென்ன நினைப்பார்?

வாசல் பாதை முடிந்தது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போகும் ஒற்றையடிப் பாதையும் முடிந்தது. மகள் வருவதற்கு முந்தின நாள் இருவரும் சேர்ந்து மணலைப் பெருக்கினார்கள். ஒரு பக்கத்திலிருந்து அவர் தள்ள, மறுபக்கத்திலிருந்து அவள் தள்ள, நடுவில் துடைப்பங்கள் முட்டிக்கொண்டன. தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு புல் மிச்சமில்லை. தையற்காரர் சுவர்மேல் கையை ஊன்றிப் பார்த்துவிட்டு, இதில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்றார். அவள் நிதானமாகக் கத்தியைக் கழுவினாள். வழக்கமாகச் சுவரில் சாய்க்கிறவள், அன்று துணியில் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் மகளின் கார் அந்தப் பாதையில் உருண்டு வந்து படியருகே நின்றது. நத்தையாரே கேட்டைத் திறந்துவிட்டு, டிப்போவில் வண்டிக்கு வழிகாட்டுகிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டே பின்புறமாக நடந்து வந்தார். மகள் இறங்கினாள். காலடியைப் பார்த்தாள். கேட்டுவரை பார்வையை ஓட்டினாள். குனிந்து ஒரு கல்லிடுக்கை விரலால் தடவிப் பார்த்தாள். தலைமையாசிரியை அல்லவா, சோதிக்காமல் மார்க் போடமாட்டாள்.

உள்ளே டீ போட்டார். என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டாள். சொட்டு மருந்து கிடையாது, எல்லாம் உங்கம்மா சொல்லிக்கொடுத்தது என்று ஒவ்வொன்றாக விவரித்தார். வினிகரில் சோப்பு ஏன் சேர்க்க வேண்டும் என்பதுவரை சொன்னார். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா பேசினாளா, இவ்வளவும் அவளா சொன்னாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, இப்போதைக்கு இல்லம் வேண்டாம், வாராவாரம் தான் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நத்தையார் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவர் மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். தலை வாரியிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். தோளில் ஒரு பழைய பை. அதில் அவள் மாற்றுச் சேலையும் சீப்பும் இருந்தன. உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஐயா, வேலை முடிஞ்சுதுங்க. முன்னாடியும் பார்த்துட்டேன், பின்னாடியும் பார்த்துட்டேன். ஒரு புல்லுகூட இல்ல. நாளையிலேருந்து நான் வரலைங்க."

நத்தையாருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கே வரவில்லை என்று கேட்டார்.

"இங்கதான். நீங்களும் நல்லபடியா வெச்சுக்கிட்டீங்க, சாப்பாட்டுக்குக் குறை இல்ல. ஆனா வேலைதான் முடிஞ்சுபோச்சே. வீட்டுக்குப் போகணும். ரொம்ப நாள் ஆயிடுச்சு."

"இதுதான்மா வீடு" என்று மகள் எழுந்தாள். "இவர்தான்..."

நத்தையார் கையை நீட்டி மகளைத் தடுத்தார். மறுத்துச் சொன்னால் அவள் பயந்துவிடுவாள், பயந்தால் ஓடுவாள். கேட்டு காருக்காகத் திறந்தபடியே இருந்தது. அதைவிட, அவருக்கு இப்போதுதான் விளங்க ஆரம்பித்திருந்தது. பின்பக்கப் படியில் சாப்பாடு. சாயங்காலக் கணக்கொப்புவிப்பு. டிப்போ பெஞ்சு. சீக்கிரம் முடிச்சிடலாங்க என்று சொன்னபோது கண்ணில் இருந்த வெளிச்சம். இத்தனை நாளும் அவள் ஒரு அந்நிய வீட்டில் வேலைக்கு வந்து தங்கியிருந்தாள். எவரோ ஒரு பெரியவர், படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். புல் முளைத்துக்கொண்டே இருந்ததால்தான் அவள் போகவில்லை. அந்தப் புல்லைத்தான் வேரோடு எடுத்து, வெந்நீர் ஊற்றி, மணல் போட்டு இறுக்கினார், அவளைத் தன்னோடு வைத்துக்கொள்வதற்காக.

"வீட்டுல யாரு இருக்காங்க?" என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

"எங்க வீட்டுக்காரர் இருக்கார். பஸ் ஓட்டுறார்."

"நல்ல மனுஷனா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் யாருக்குத்தான் கேட்காமல் இருக்க முடியும்? அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள்.

"ரொம்ப மெதுவுங்க. எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா ஒரு உயிரை நசுக்கினவர் இல்ல. நான் அவர்கிட்ட இதெல்லாம் சொன்னதில்லைங்க. அவருக்கு ஷிஃப்டு, எனக்கு வேலை. உக்காந்து பேச நேரமே இல்ல. இப்ப போய்ச் சொல்லணும்."

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். நத்தையார் அழவில்லை. அழுதால் அந்த நிமிஷம் கெட்டுவிடும். பெண்டாட்டி தன்னைப் பற்றி மனதில் என்ன வைத்திருந்தாள் என்பதை இந்த வயதில், நேருக்கு நேர், முன்பின் தெரியாதவனாக நின்று கேட்டுக்கொண்டார். எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் அது என்று கத்த வேண்டும்போல இருந்தது. சொல்லியிருந்தால் அவள் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டு இன்னும் வேகமாக நடந்திருப்பாள்.

"வேலை முடியலம்மா" என்றார். "ஒரு வாரம் போனா திரும்ப முளைக்கும். உனக்குத் தெரியாததா? நீ பாதியில போயிட்டா நான் யாரைத் தேடுவேன்?"

அவள் யோசித்தாள். வேலையைப் பாதியில் விட்டவள் என்ற பெயர் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் முகம் வாடிப்போயிற்று. ஊருக்குப் போகப் பெட்டி கட்டிய பிள்ளையை லீவு இல்லை என்று நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பையைத் தோளிலிருந்து இறக்கினாள். சரிங்க, நாளைக்குப் பார்க்கிறேன் என்றாள். நாளைக்கும் முளைத்திருக்காவிட்டால் போய்விடுவேன் என்பதையும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கப் படிக்குப் போனாள்.

மகள் வெளியே போய்க் கேட்டைப் பூட்டினாள். திரும்பி வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள். இல்லத்தைப் பற்றிய பேச்சை நத்தையார்தான் எடுத்தார். இப்போதே அழைத்துப் போய்விடு, என்னால் அவளை அடைத்து வைக்க முடியாது, அவள் இங்கே சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துத்தான் இத்தனையும் செய்தேன் என்றார்.

"அந்த இடத்தை நான் பார்த்திருக்கேன்பா. சுத்தி எல்லாம் சிமென்ட்டு. ஒரு புல்லு முளைக்காது. அங்க அவங்க ஒரு நாளைக்கு மேல நிக்கமாட்டாங்க."

சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனாள். வெயில் சாயும் நேரத்தில் திரும்பி வந்தாள். டிக்கியைத் திறந்தால் உள்ளே சாக்குச் சாக்காகப் புல். பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் வேரும் மண்ணுமாகத் தோண்டியெடுத்து வந்திருந்தாள். அருகு, கோரை, பால்செடி, பெயர் தெரியாத இன்னும் என்னென்னவோ. தலைமையாசிரியையின் நகக்கண்ணெல்லாம் மண். புடவைத் தலைப்பில் ஒட்டுப்புல் அப்பியிருந்தது.

மனைவியின் கண்ணில் படாமல் இவற்றைத் திரும்ப நட்டுவிட வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் தையற்காரர், ரவிக்கைக்கு அளவெடுக்க வேண்டும் என்று அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வேலைக்காரர்களுக்கெல்லாம் ஐயா புதுத்துணி எடுத்துத் தருகிறார் என்று சொன்னாராம். அப்பாவும் மகளும் மண்டியிட்டு, இறுக்கிய மணலைக் கத்தியால் கிளறி வெளியே எடுத்தார்கள். மழை இல்லாத காய்ந்த மண்ணில் கத்தி இறங்கவில்லை. ஒரு கெட்டில் தண்ணீர் ஊற்றினார்கள், இந்தமுறை பச்சைத் தண்ணீர். ஒவ்வொரு இடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லை நட்டு, நட்டது தெரியாமல் இருக்கக் காலால் அழுத்திவிட்டார்கள். உலகத்தில் எவனாவது இப்படி ஒரு வேலை செய்வானா என்று நத்தையார் முனகினார். மகள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்பாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

காலையில் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வெளியே வந்தாள். பாதையைப் பார்த்து நின்றாள். குனிந்து ஒரு கோரையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வேர் பிடிக்காத புல், இழுத்த இழுப்புக்கு வந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படியில் உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் நத்தையார் நினைத்தார். அவள் பையைப் படியோரம் வைத்துவிட்டு, கத்திக்காகக் கையை நீட்டினாள். அவர் எடுத்துக் கொடுத்தார். சாக்கை மடித்துப் போட்டு மண்டியிட்டாள்.

இரண்டு கல் தாண்டியபின் தலை நிமிராமலே கேட்டாள்.

"நான் இப்ப வர முடியாதுன்னு எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேம்மா."

"கோவிச்சுக்கிட்டாரா?"

நத்தையார் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. எவ்வளவு நாளானாலும் இருந்து முடிச்சுட்டு வரச் சொன்னார். அவர் எங்கயும் போகமாட்டாராம். பக்கத்துலயேதான் இருக்கேன்னு சொல்லச் சொன்னார்."

அவள் சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்தாள்.